ஜீப் போகாத பருவம்

1

இந்தக் கதை எங்கள் வீட்டு ஃப்ரீசரில் தொடங்கியது. கோபத்தில் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடை கரடுமுரடாக இருக்கிறது என்று பிறகு என்னிடம் வராதீர்கள்.

ஐஸ் எடுக்கத் திறந்தேன். தட்டுக்குப் பின்னால் வரிசையாகச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மீனின் வயிறு.

"ஒண்ணு இந்த வீட்ல அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். உங்க அக்காகிட்ட சொல்லிடு" என்றாள் அம்மா.

அக்காவுக்குச் சதுப்புநில ஆய்வு நிலையத்தில் ஒப்பந்த வேலை. மீன் வயிற்றைக் கீறி, அது என்ன தின்றது என்று பார்ப்பாள். அந்த வயிறுகள் ஏன் வீட்டுக்கு வந்தன என்பதுதான் கதை.

2

முதல் தொடக்கம்: வெள்ளம் வந்ததும் மீன்கள் மகிழ்ச்சியோடு

[மீனின் மகிழ்ச்சியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? விட்டுவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: ஆறு கரை தாண்டிப் புல்வெளிக்குள்ளும் மரங்களுக்குள்ளும் புகுந்தது. மீன்களும் பின்னாலேயே போயின.

இது இருக்கட்டும். உண்மையும்கூட. முழங்கால் அளவுக்கு மூழ்கிய மரங்களுக்கிடையே நீந்தி, உதிர்ந்த பழம், புல்விதை, தண்ணீரில் விழுந்த எறும்பு, வெட்டுக்கிளி என்று அகப்பட்டதையெல்லாம் தின்னும். நீர் வடிந்ததும் பழைய பள்ளங்களுக்கே திரும்பிவிடும். அங்கே சேறும் அழுகிய இலையும்தான்.

"வெள்ளத்துல மூக்குப்பிடிக்கத் தின்னு உடம்புல கொழுப்பு சேர்த்துக்கும். மிச்ச வருஷம் அதை வெச்சுத்தான் ஓட்டும். முட்டையும் அதுலதான்" என்றாள் அக்கா.

3

நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதிரி எடுக்க ஜீப்பில்தான் போவார்கள். வெள்ளத்தில் பாதை மூழ்கிவிடும், ஜீப் போகாது. ஆகவே வருடா வருடம் வறண்ட காலத்தில் மட்டும் போனார்கள். வருடா வருடம் வயிற்றில் சேறு இருந்தது. 'இம்மீன்களின் உணவு சேறு' என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவர்தான் இன்றைக்கு இயக்குநர். அக்கா அவருக்கு வைத்த பெயர் சேறு சார்.*

* மாதக் கடைசியில் என் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு, இவள் விரும்பிச் சாப்பிடுவது வெறும் டீ என்று ஒருவர் எழுதினால் எப்படி? அப்படித்தான்.

சிரித்தாயிற்றா? இனிமேல் சிரிக்க ஒன்றுமில்லை. வெள்ளம் சதுப்புக்குள் வரும் வழியில் மனை விற்பவர்கள் மதகு கட்டிவிட்டார்கள். இந்த மழைக்கு அதை மூடினால் உள்ளே காயும் நிலமெல்லாம் வீட்டு மனைகள். சேறு தின்கிற மீனுக்கு வெள்ளம் எதற்கு என்று கேட்கிறார்கள். 'ஆமாம், எதற்கு?' என்று ஒத்துப்போய் நிலையம் ஓர் அறிக்கை தரவேண்டும். எழுத வேண்டியவள் அக்கா. அவளோ போன வெள்ளத்தில் யாரையும் கேட்காமல் படகு பிடித்து உள்ளே போய்வந்திருந்தாள்.

4

இயக்குநருக்கு முதலில் பெரிய மீசையும் மோதிரமும் கொடுத்து, மேசையைத் தட்டவிட்டேன். அக்கா படித்துவிட்டு, "அவர் கத்தவே மாட்டார்டி. தங்கமா பேசுவார்" என்றாள். மீசையை எடுத்துவிட்டேன். அவர் பேசியதாக அவள் சொன்னது இது:

"வெள்ளக் காலத்துல மாதிரி கிடைக்கலைன்னு ஒரு வரி சேர்த்துடும்மா. உன் வேலை நிரந்தரமாகுற நேரம். நம்ம லேப் ஃப்ரீசரையும் காலி பண்ணிடு."

"எடுத்தேனே சார். வயிறு முட்ட விதை, பழம், எறும்பு."

"ஜீப்பே போகலையேம்மா. ஜீப் போகாம மாதிரி எப்படி வரும்?"

இதை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் நம்பும்படியாகச் செய்திருப்பேன்.

5

என் கதையில் அக்கா ஒரு டப்பாவை அவர் மேசையில் கவிழ்த்துவிட்டு வெளியே நடந்தாள். அந்தப் பக்கத்தைப் படித்ததும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் எங்கடி கவிழ்த்தேன்? தலையாட்டிட்டு வந்தேன். அதை எழுது."

"தலையாட்டினியா? எப்படிக்கா முடிஞ்சுது?"

"நீ கோபப்பட்டா கதை வரும். நான் கோபப்பட்டா வேலை போகும். அம்மாவுக்கு மருந்து உன் கதையா வாங்கித் தரும்?"

அவள் மேல் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனால் தலையாட்டியவள் டப்பாக்களைக் குப்பையில் போடவில்லை. பையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இந்த இடத்தில் என் கதாநாயகி

[கதாநாயகி இல்லை. அக்கா.]

6

முடிவு ஒன்று: அக்கா உண்மையை எழுதுகிறாள், மதகு திறந்தே இருக்கிறது. [படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். தர மாட்டேன்.]

முடிவு இரண்டு: அவள் அந்தப் பொய்யை எழுதுகிறாள். மூடிய மதகுக்கு வெளியே வெள்ளம், உள்ளே பள்ளங்களில் மீன்கள், உடம்பில் போன வருடத்துக் கொழுப்பு தீர்ந்துகொண்டு [ஐயோ பாவம் என்று பக்கத்தைத் திருப்புவீர்கள். இதுவும் கிடையாது.]

மழை தொடங்கிவிட்டது. சாப்பாட்டு மேசையில் அக்காவின் லேப்டாப். நாளை காலை அறிக்கை போகவேண்டும். திரையில் பாதி வாக்கியம் நிற்கிறது:

வெள்ளக் காலத்தில் மாதிரிகள்

"நீதானே எழுத்தாளர். முடி" என்று அக்கா திரையை என் பக்கம் திருப்பினாள். நான் உங்கள் பக்கம் திருப்புகிறேன். கிடைத்தனவா, கிடைக்கவில்லையா? ஒரே ஒரு சொல்தான்.

அதற்குள் அம்மா ஃப்ரீசரைக் காலிசெய்து டப்பாக்களை மேசையில் அடுக்கிவிட்டாள். ஒன்றின் மூடி திறந்திருக்கிறது. எறும்பின் கால்கள், ஒரு முழு விதை, பழத்தோல். எட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டீர்கள் அல்லவா?

"உள்ள வைக்கவா, தூக்கிப் போடவா?" என்கிறாள் அம்மா. "யாராவது சீக்கிரம் சொல்லுங்க. உருகுது."