தொட்டிச்சுனைக்குப் போகும் வழி

சசிகுமார் தொட்டிச்சுனைக்கு நடக்கத் தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் போய்ச் சேரவில்லை. மலையடிவாரத்துக் கல்லோடைக் கிராமத்தில் காலை நாஷ்டாவை முடித்துக்கொண்டு கிளம்பினால், ஓடையை ஒட்டியே நடந்து, வெயில் ஏறுவதற்குள் சுனையில் முகம் கழுவிவிடலாம். இடுப்பில் பிள்ளையோடு பெண்கள் போய்வருகிற வழிதான். நீர்மருதும் நாவலும் மேலே கவிந்திருப்பதால் சித்திரையிலும் கால் சுடாது. அந்த வழியில்தான் அவன் நடந்துகொண்டிருக்கிறான்.

அவனை அழைத்துக்கொண்டு போனவள் எல்லம்மா. அவளுடைய கணவர் லோகநாதன் ஓடையின் கீழ்ப்பக்கத்தில் நெல் வைத்திருந்தார். சசிகுமார் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் டேங்கர் லாரி கான்ட்ராக்டர். சில ஷெட்டுகளில் மிஞ்சும் அமிலக் கழிவைச் சுத்திகரிக்கக் கொண்டுபோவதாகச் சொல்லி ஏற்றிக்கொள்வான். லாரிகள் பாதித் தூரம்கூடப் போகாமல் பாலத்தடியில் ஓடைக்குள் குழாயை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். ஒருநாள் விடியும் நேரம் லோகநாதன் மடை திறக்க முழங்கால் தண்ணீரில் நின்றபோது மேலே லாரி வந்து நின்றது. இடுப்புக்குக் கீழே வெந்துபோய், சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தார். விசாரிக்க வந்தவர்களிடம் சசிகுமார், யாரோ ஒரு குடிகாரன் எரிகிற குப்பையில் விழுந்து புரண்டான் என்று சொன்னான். அப்படியே எழுதிக்கொண்டார்கள். சாராய வாடைக்கே மூக்கைப் பொத்திக்கொள்கிற மனுஷர் லோகநாதன். அந்தச் சொல் எல்லம்மாவின் தொண்டையில் போய் நின்றுகொண்டது. சோறு இறங்கும்போதெல்லாம் அதை உரசிக்கொண்டுதான் இறங்கியது.

வயல் அதன்பிறகு விளையவில்லை. சுனைக்கு மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்ட வனத்துறை ஊர்ப் பெண்களை வேலைக்கு எடுத்தபோது அவள் சேர்ந்துகொண்டாள். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து கூட்டம் வரும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, புது ஷூவும் தொப்பியுமாக, இரண்டு கூட்டாளிகளோடு சசிகுமார் வந்து இறங்கினான். ஓடை கீழே கெட்டிருந்தாலும் மேலே ஊற்று கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கேன் தண்ணீர் கம்பெனி போட முடியுமா என்று பார்க்க வந்திருந்தான். கணவர் செத்தபோது போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பார்த்த முகம், அவளுக்கு மறக்கவில்லை. அவன் அவள் பேரைக் கேட்டான், பதில் வருவதற்குள் போனை எடுத்துப் பேசத் தொடங்கிவிட்டான்.

சுனைக்குச் சற்றுக் கீழே ஒரு பாசிப்பாறையைத் தாண்டவேண்டும். பாறைக்கு அடியில் இருக்கும் மடுவின் ஆழம் யாருக்கும் தெரியாது. கைகொடுப்பது போலக் கொடுத்து அங்கே விட்டுவிடுவது என்று எல்லம்மா முடிவுசெய்துகொண்டு முன்னால் நடந்தாள். மனம் பதறவில்லை. மூங்கில் புதருக்குள் குருவிகள் கத்துவதுகூடத் தெளிவாகக் காதில் விழுந்தது.

ஆனால் பாறைவரைக்கும் அவன் வரவேயில்லை. மற்ற இருவரும் சுனைக்குப் போய், தண்ணீர் குடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், அவன் ஒரு வளைவுக்குக் கீழே, பெரிய நாவல் மரத்தடியில் வந்துகொண்டிருந்தான். கால்கள் எட்டிப் போட்டன, சட்டை நனைந்திருந்தது, மரம் மட்டும் அவன் பக்கத்திலேயே இருந்தது. கூட்டாளிகள் ஓடிப்போய் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துவந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்தார்கள், அவன் வரவில்லை. கீழே ஊருக்கும் இறங்க முடியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனுக்கு அதே தூரம். மறுநாள் தீயணைப்பு வீரர்கள் ஸ்ட்ரெச்சரில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அடிவாரத்தில் இறக்கி வைத்தபோது கட்டிய கயிறும் ஒரு ஷூவும்தான் இருந்தன.

எல்லம்மாவுக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. தன் கையிலிருந்ததை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நெடுநாளைக்குப் பிறகு அது தொண்டையில் உரசாமல் இறங்கியது. இன்னொரு தரம் போட்டுக்கொண்டாள்.

அடுத்த மாதமே அவனுடைய லாரிகளை ஆளுக்கொரு பக்கம் வாங்கிக்கொண்டு போனார்கள். பாலத்தடியில் குழாய் இறங்குவது நின்றது. அடுத்த மழைக்காலத்தில் ஓடையில் கெண்டை ஏறியது. ஓடை அவனுக்குப் பக்கத்திலேயே ஓடினாலும் அவன் குனிந்தால் கைக்கு எட்டாமல் தள்ளி ஓடியது. மலையேறுகிறவர்கள் பாட்டிலில் கொண்டுவரும் கடைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நடந்தான். வாரம் இரண்டு தரம் எல்லம்மா கூட்டத்தோடு அவனைக் கடந்து போவாள். ஒவ்வொரு தரமும் நின்று ஒன்றுதான் கேட்பாள்.

"அந்தக் குடிகாரன் பேரு இன்னா சார்?"

அவனுக்குத் தெரியாது. ரகு என்றான், குணா என்றான், முருகன் என்றான். இல்லை என்று தலையாட்டிவிட்டு அவள் மேலே போவாள். அவன் வாயில் பேர்கள் தீர்ந்துகொண்டு வருவதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது.

அவன் மனைவி ஸ்நேகா, முதலில் காரிலும் பிறகு பஸ்ஸிலுமாக, ஞாயிறுதோறும் சோறு கட்டிக்கொண்டு வந்தாள். ஊரில் ஒருத்தரும் அவளுக்குப் பேரைச் சொல்லவில்லை; மோர் கொடுத்து உட்காரவைத்தார்கள், பேரைக் கேட்டால் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். கடைசியில் வன வாட்ச்சர் அந்தோணி மனசு கேட்காமல் சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லம்மா வந்து கேட்பதற்கு முன்னாலேயே சசிகுமார் கையெடுத்துக் கும்பிட்டான்.

"லோகநாதன்மா. அவரு குடிக்கலை. நான்தான் பொய் சொன்னேன்."

எல்லம்மா நின்றாள். இதைக் கேட்டால் உள்ளே ஏதாவது இளகும் என்று நினைத்திருந்தாள். உள்ளே தொட்டுப் பார்த்தாள், கல்லாகத்தான் இருந்தது. அவன் ஆசையோடு ஓர் எட்டு எடுத்து வைத்தான். நாவல் மரம் அவனோடேயே வந்தது. ஸ்நேகா எல்லம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். பேரையும் சொல்லியாச்சு, உண்மையையும் சொல்லியாச்சு, இன்னும் என்ன என்று அழுதாள்.

எல்லம்மா குனிந்து அவளைத் தூக்கி நிறுத்தினாள். புடவையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டாள்.

"ஆஸ்பத்திரில எங்க ஊட்டுக்காரரு சுனைத் தண்ணி ஒரு வாய் கேட்டாரும்மா. அதை எடுத்தாற பஸ் புடிச்சு வந்து இந்த வழியாத்தான் ஏறினேன். நடக்கறேன், நடக்கறேன், சுனை வரவே மாட்டேங்குது. நான் நடந்துக்கினு இருக்கறப்பவே அவரு போய்ட்டாரு. இன்னிக்கும் எனக்கு இந்த வழி முடியலை. எனக்கு முடியட்டும், அப்பால உன் ஊட்டுக்காரருக்கு முடியும்."

ஸ்நேகா அதன்பிறகு கெஞ்சவில்லை. அடிவாரத்தில் ஓலைப்பந்தல் போட்டு இட்லிக் கடை வைத்தாள். மலை இறங்குகிறவர்களுக்குப் பசிக்கும், வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. எல்லம்மாவும் அங்கேதான் டீ குடிக்கிறாள். இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். மாலையில் எல்லாரையும் கீழே அனுப்பிவிட்டுப் பாதையைப் பூட்டும் அந்தோணி, உள்ளே ஓர் ஆள் உண்டு என்று மேலதிகாரியிடம் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டார். குரங்குகள்கூட அவனுக்கு வழிவிடுவதில்லை.

போன தை மாதம் கல்லூரிப் பிள்ளைகளோடு எல்லம்மா மேலே போனாள். தாடி மார்பில் புரள, வெறுங்காலோடு வந்துகொண்டிருந்த சசிகுமார் ஒதுங்கி நின்று அவர்களுக்கு வழிவிட்டான். பிறகு, முதல் தடவை வந்தவன் கேட்பதுபோல, சுனை இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டான். எல்லா மலையேறிகளுக்கும் சொல்கிற மாதிரி எல்லம்மா கையை நீட்டிக் காட்டினாள்.

"தோ, அந்த வளைவு தாண்டினா வந்துடும் சார்."

அவன் நன்றி சொல்லிவிட்டு நடந்தான்.