அக்காவின் வரி

அக்காவின் வெள்ளை அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தையல்காரத் தம்பி பெட்டியை நிமிர்த்தி வைத்தான். அவன் தைத்துக் கொடுத்த அங்கிதான். உள்ளறையில் கிடத்தியிருக்கும் அக்காவுக்கு இனி அதைப் போட்டுவிட வேண்டும்.

"மத்தியானமே சொல்லியிருக்கணும்," என்றாள் மனைவி. "இப்பவாவது சொல்லிடுங்க."

அவன் போனைப் பார்த்தான். சிஸ்டர்களின் செப நேரம். அக்கா இருந்த மடத்தை மூடிய பிறகு, அவளோடு சேர்த்துக் கன்னியர் நால்வரும் திசைக்கொருவராகச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். டீச்சர் சிஸ்டர் இருக்கும் வெளிநாட்டு ஊரில் இப்போது விடியற்காலை. ஆனாலும் தினமும் போனில் சேர்ந்துகொண்டு, மடத்துச் செபத்தை ஆளுக்கொரு வரியாகச் சொல்வார்கள். ஒருத்தி வரியை இன்னொருத்தி சொல்லக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும்.

"மடத்தை மூடியும் உங்க மணி ஓயலையே!" என்று மெஷினில் இருந்தபடியே கிண்டல் செய்வான்.

"உன் மெஷின் மட்டும் ஓயுதாக்கும்?" என்பாள் அக்கா. சரியான வாயாடி.

நோயில் அக்காவின் பேச்சு நின்ற பிறகு அவன்தான் போனை அவள் வாயருகே பிடித்தான். மூச்சுச் சத்தத்தையே அவள் வரியாக எடுத்துக்கொண்டு மற்றவர்கள் மேலே போனார்கள்.

ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு உள்ளறைக்குப் போனான். விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் டீச்சர் சிஸ்டர் தொடங்கிவிட்டார். அடுத்து நர்ஸ் சிஸ்டர். அடுத்தது அக்காவின் முறை, காத்திருந்தார்கள். அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அழுகை முட்டியது, பல்லைக் கடித்து அடக்கியதில் நீளமாக ஒரு மூச்சு வெளியேறியது.

"ஆண்டவருக்கு நன்றி!" என்றார் நர்ஸ் சிஸ்டர். "இன்னைக்கு மூச்சு நல்லா இருக்கே. தம்பி, நீங்க புண்ணியவான்."

"ரெண்டு நாள்ல எந்திரிச்சு நம்மளத் திட்டப்போறா பாருங்க," என்று சிரித்தார் சமையல் சிஸ்டர். சிரித்தபடியே தன் வரியை ஆரம்பித்தார்.

அவனுக்கு உடம்பே கூசியது. இந்த வயசானவர்களைப் போய் ஏமாற்றுவதா?

"சிஸ்டர், நில்லுங்க. அது என் மூச்சு."

போனில் யார் வீட்டிலோ ஒரு குழந்தை சிரிப்பது கேட்டது.

"எப்போப்பா?" என்றார் நர்ஸ் சிஸ்டர்.

"மத்தியானம். தூக்கத்துலயே."

அதற்குப் பிறகும் யாரும் போனை வைக்கவில்லை, செபத்தையும் தொடரவில்லை. அக்காவின் வரி இன்னும் சொல்லப்படவில்லை என்பது அவனுக்கு மெல்லத்தான் உறைத்தது. இத்தனை வருஷம் மெஷின் சத்தத்துக்கு நடுவே கேட்ட வரி. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கதவைத் திறந்தே வையும், ஆண்டவரே. எங்களில் சிலர் இன்னும் வழியில் இருக்கிறோம்."

அடுத்தது சமையல் சிஸ்டருடையது. அவரால் சொல்ல முடியவில்லை. மற்றவர்கள் காத்திருந்தார்கள். அவனும் காத்திருந்தான், போனைப் பழக்கத்தில் அக்காவின் வாயருகிலேயே பிடித்தபடி.