தொண்ணூற்றாறு கிலோ

எட்டு வருடங்களாக அவருடைய எடை தொண்ணூற்றாறு கிலோ. கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

எடைக்கருவிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, எடை தெரிந்த ஒரு பொருளை அதன்மேல் வைத்தாக வேண்டும். அதற்கென்று பட்டறையில் கைப்பிடி வைத்த இருபது கிலோ இரும்புக் கற்கள் ஐந்து இருந்தன. அவற்றை மாடி மாடியாகத் தூக்கிக்கொண்டு அலைவதற்குப் பதில், அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே கருவியின்மேல் ஏறி நிற்பார். தொண்ணூற்றாறு காட்டினால் கருவி சரி. காட்டாவிட்டால் கருவி தப்பு. இந்த வழக்கம் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. முதலாளிக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டார். பட்டறையில் அவருக்கு ‘எடைக்கல்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை. தன்னைப் பற்றி ஐயம் இல்லாமல் சொல்லக்கூடியது ஒன்றாவது இருக்கிறதே.

எடை மாறாததற்குக் காரணம், நாள் மாறாததுதான். வேலை முடிந்தால் வீடு. ஜன்னல் ஓரத்து நாற்காலி. இரண்டு கிளாஸ், ஒரு தட்டு வறுத்த கடலை, அதற்குப் பிறகு வயிறு முட்டச் சாப்பாடு. சில நாள் மனைவியின் தம்பியும் வந்து உட்காருவான். அவனும் அதே பட்டறைதான். அவன் வாய் ஓயாமல் பேசுவான். இவர் கேட்டுக்கொண்டிருப்பார், அல்லது கேட்பது போல இருப்பார்.

ஒருநாள் ஒரு கிளினிக்கில் கருவியைப் பார்க்கப் போனார். மூன்றாம் மாடி, லிஃப்ட் ஓடவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது பேச்சு வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கருவிய அப்புறம் பாக்கலாம். முதல்ல நீங்க உக்காருங்க,” என்றார் டாக்டரம்மா.

ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது.

“குடிப்பீங்களா?”

“ரெண்டே ரெண்டு கிளாஸ்.”

“வாரத்துக்கா?”

அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

“சரி, புரிஞ்சுது. காலையில எழுந்ததும் கை நடுங்குமா?”

“கடுகு அளவு ஸ்க்ரூவ மாட்டுற கைங்க இது.”

“அப்ப பயமில்லாம நிறுத்திடலாம். மூணு மாசம், ஒரு சொட்டு கூடாது. எடையும் தானா இறங்கும்.”

அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. “பாத்தா தண்ணி மாதிரிதானே இருக்கு? அது எப்படிங்க உடம்புல எடை போடும்?”

அந்தக் கேள்வி டாக்டரம்மாவுக்குப் பிடித்துப்போனது. பேனாவைக் கீழே வைத்தார். “அந்த ரெண்டு கிளாஸும் கடலையும் சேந்தா இன்னொரு வேளை சாப்பாடுங்க. அது மட்டுமா? சாராயம் உள்ள போச்சுன்னா, கல்லீரல் மத்த வேலைய ஓரமா வெச்சிட்டு அதத்தான் முதல்ல கவனிக்கும். கொழுப்பு பாட்டுக்கு வரிசையில நிக்கும். நீங்க தினமும் ஊத்திட்டே இருந்தா அதோட முறை எப்ப வரும்?”

எட்டு வருடமாக வரிசையில் நிற்கும் கொழுப்பை அவர் நினைத்துப் பார்த்தார். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

“இப்படியே விட்டா என்னாகும்?”

“கல்லீரல் இறுகிப்போகும். அதுக்கப்புறம் வந்தீங்கன்னா எங்கிட்ட சொல்றதுக்குப் பெருசா ஒண்ணும் இருக்காது.”

படி இறங்கும்போதே அவர் தனக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். மூன்று மாதம். எடை இறங்கினால் டாக்டரம்மா சொன்னது மெய், குடிக்கு ஒரேயடியாக முழுக்கு. இறங்காவிட்டால் எல்லாம் வெறும் பேச்சு, பழையபடி நாற்காலி. எண்ணைத் தவிர வேறு எதையும் அவர் வாழ்க்கையில் முழுதாக நம்பியதில்லை. பாதி இருந்த பாட்டிலைக் கொட்டவில்லை, அலமாரியின்மேல் வைத்தார். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள், “ம்,” என்றாள். இருபது வருட ‘ம்’களில் அது எந்த வகை என்று அவருக்குப் பிடிபடவில்லை.

பட்டறையில் மைத்துனன்தான் துடித்துப்போனான். “மாமா, நீங்க இளைச்சிட்டா அந்த இரும்ப யாரு தூக்குறது? எங்க இடுப்ப ஒடிக்கிறதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?”

“ஒனக்குக் கொஞ்சம் இடுப்பு ஒடியட்டும் மாப்ள. கெடக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பேச்சு அத்தோடு போயிற்று.

மாலைகள் இவ்வளவு நீளமானவை என்று அவருக்குத் தெரியாது. அதே நாற்காலி, அதே ஜன்னல். எதிர்வீட்டில் குழாய் சொட்டுவது கேட்டது. எட்டு வருடமும் சொட்டிக்கொண்டுதான் இருந்ததோ என்னவோ. ஐந்தே முக்காலுக்கு நாக்கு கூப்பிடும். முதல் நாள் வந்த வேட்கை எப்போது அடங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு நிமிடம். அடுத்த நாள் இருபது. அதன்பிறகு தினமும் பார்க்கத் தொடங்கினார். ஒரு புதுக் கருவி கையில் கிடைத்த மாதிரி இருந்தது. ஆறாவது வாரத்தில் ஒன்பது நிமிடம். ஒருநாள் ஐந்தே முக்கால் கடந்துபோனதே தெரியவில்லை. அன்றைக்கு அவருக்கு ஏதோ ஏமாந்துபோன மாதிரி இருந்தது.

ஆனால் எடை? மூன்றாம் வாரம் ஆவல் தாங்காமல் பட்டறைக் கருவியில் ஏறி நின்றார். தொண்ணூற்றாறும் முந்நூறு கிராமும். மனசு விட்டுப்போயிற்று. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார்.

“இவ்வளவு சீக்கிரம் பாக்காதீங்க. உடம்புல தண்ணி ஏறும், இறங்கும். மூணு மாசம் முடிஞ்சு எங்கிட்ட வாங்க, என் கருவியில பாப்போம். அதுவரைக்கும் ஏறி நிக்கவே கூடாது.”

டாக்டரம்மாவின் சொல்லை அவர் தட்டவில்லை. அந்த வாரங்களில் வந்ததெல்லாம் கடை மேஜைகளில் வைக்கிற சின்னத் தராசுகள். ஆள் ஏறி நிற்க வேண்டிய வேலை ஒன்றும் வரவில்லை.

பதினோராம் வாரம் அதே கிளினிக்கிலிருந்து அழைப்பு. “அண்ணே, தரை துடைக்கும்போது கருவி சாஞ்சு விழுந்துடுச்சு. சரியா காட்டுதான்னே தெரியல. கொஞ்சம் வந்து பாருங்கண்ணே,” என்றாள் நர்ஸ்.

டாக்டரம்மா அன்று வெளியே போயிருந்தார். இவர் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். பச்சை எண்கள் தடுமாறி நின்றன: 89.8.

ஒரு நொடி அவர் நெஞ்சில் ஏதோ துள்ளியது. ஒருவேளை…

அந்த ஒருவேளையை அவரே அமுக்கினார். ஆசைப்படுகிறவன் கண்ணை நம்பி அளக்கக் கூடாது என்று முதலாளி முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார். விழுந்த கருவி இது. மூன்றாம் வாரம் ஒழுங்கான கருவி என்ன சொன்னது? இப்போது இளிப்பது அவருடைய ஆசை. அதைக் கேட்டு ஆடுவதற்கு அவர் என்ன கற்றுக்குட்டியா? குனிந்து அடியில் இருந்த பொத்தானை அழுத்தினார். மறுபடி ஏறி நின்றார். இதுதான் தொண்ணூற்றாறு என்று கருவிக்குச் சொல்லிக் கொடுத்தார். கருவி கீழ்ப்படிந்து 96.0 என்றது.

“சரி பண்ணியாச்சும்மா,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மனம் மட்டும் கனத்துக் கிடந்தது.

இரண்டு வாரம் கழித்து மூன்று மாதம் முடிந்தது. டாக்டரம்மா முன்னால் ஏறி நின்றார். 95.4.

டாக்டரம்மா எண்ணைப் பார்த்தார், பழைய சீட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “அறுநூறு கிராம்.”

அவர் கருவியிலிருந்து இறங்கினார்.

“கோவிச்சுக்காதீங்க. உண்மையாவே நிறுத்துனீங்களா?”

“நிறுத்துனேங்க.”

“ம்,” என்றார் டாக்டரம்மா. இந்த ‘ம்’ என்ன வகை என்று அவருக்கு நன்றாகவே பிடிபட்டது. “என்னமோ போங்க. இந்த ரெண்டு வாரமா யார ஏத்துனாலும் எடை கூடித்தான் இருக்கு. எல்லாரும் சேந்து என்ன ஏமாத்துறாங்களான்னு தோணுது. ரத்தம் குடுத்துட்டுப் போங்க, நாளைக்குச் சொல்றேன்.”

வழியெல்லாம் அந்த ‘ம்’ கூடவே வந்தது. எண்பது தொண்ணூறு மாலைகள் அந்தக் குழாய்ச் சொட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு அறுநூறு கிராமும் ஒரு ‘ம்’மும். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி பாட்டிலை எடுத்தார். தூசி இல்லை. மனைவி வாராவாரம் துடைத்திருக்கிறாள், இருந்த இடத்திலேயே திருப்பி வைத்திருக்கிறாள். கிளாஸை எடுத்துக் கழுவினார்.

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். “என்னாச்சு?”

“தொண்ணூத்தஞ்சு புள்ளி நாலு.”

“யாரு?”

“நான்தான். வேற யாரு? மூணு மாசம் வீணாப்போச்சு.”

அவள் கிளாஸைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “அப்படின்னா அந்த மூணு இன்ச் எங்க போச்சு?”

“எந்த மூணு இன்ச்?”

“உங்க வேலை பேன்ட் இடுப்ப நான் ரெண்டு தடவ பிடிச்சுத் தெச்சிருக்கேன். மூணு இன்ச்சு.”

அவர் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். கையை விட்டுத் துணியைத் திருப்பினார். உள்ளே நெருக்கமாகப் புதுத் தையல்.

“ஏன் சொல்லல?”

“சொன்னா அன்னிக்கே கொண்டாடணும்பீங்க. நீங்க எப்படிக் கொண்டாடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மூடியில் வைத்த கை அப்படியே நின்றது. தையல் டேப் ஒன்று சொல்கிறது, எடைக்கருவி வேறொன்று சொல்கிறது. இரண்டு கருவிகள் முரண்பட்டால் ஒன்று பொய். எது? டேப்பை யாரும் திருத்தவில்லை. கருவியைத் திருத்தினார்கள். யார் திருத்தியது? அவர்தான். எதை வைத்து?

வெளியே குழாய் சொட்டியது. மனைவி காத்திருந்தாள்.

“நான் பொய் சொல்லிட்டேன்,” என்றார் கடைசியில்.

“எங்கிட்டயா?”

“கருவிகிட்ட.”

பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். “தெரியாம, என்னையே எடைக்கல்லா வெச்சு அதத் திருத்திட்டேன். நான் இப்ப அந்தப் பழைய ஆளு இல்ல.” சொல்லும்போதே அவருக்கு உள்ளே ஒரு குறுகுறுப்பு. அப்படியானால் உண்மையான எண் என்ன? எண்பத்தொன்பது புள்ளி எட்டைக் கண்ணால் பார்த்தாரே, அதைத்தானே பொய் என்று அழித்துவிட்டார்? காலை எப்போது விடியும் என்று இருந்தது.

காலையில் பட்டறையைத் திறந்ததும் அந்த ஐந்து இரும்புக் கற்களையும் எடுத்து வண்டியில் வைத்தார். பட்டறைக் கருவி பக்கத்திலேயே இருந்தது. ஏறி நிற்கக் கால் பரபரத்தது. கிளினிக் கருவியைச் சரி செய்யாமல் அந்த எண்ணைப் பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

மைத்துனன் கொட்டாவி விட்டபடி வந்தான். “என்ன மாமா, இரும்பத் தொடுறீங்க? எடைக்கல்லுக்கு என்னாச்சு?”

“தேஞ்சு போச்சு மாப்ள. வழிய விடு.”

கிளினிக்கின் லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. மூன்று மாடி, ஐந்து நடை. ஒவ்வொரு தடவையும் ஒரு கல். முதல் கல்லை வைத்தார், இரண்டாவதை வைத்தார். மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு வரும்போது நர்ஸ், “இன்னும் எத்தன இருக்குண்ணே?” என்று கேட்டாள். “இன்னும் ரெண்டும்மா, கீழ வண்டியில இருக்கு,” என்றார். கீழே இறங்கும்போதுதான் உறைத்தது. பதில் சொல்லியிருக்கிறார். நின்று மூச்சு வாங்காமல், கதவைப் பிடிக்காமல், கையில் இருபது கிலோவோடு பதில் சொல்லியிருக்கிறார்.

ஐந்து கற்களையும் கருவியில் அடுக்கினார். நூறு கிலோ. கருவி 106.9 என்றது.

டாக்டரம்மா பின்னால் வந்து நின்று எண்ணைப் பார்த்தார். நடந்ததையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொன்னார், எதையும் மறைக்கவில்லை. டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“ஏங்க, இந்த ரெண்டு வாரத்துல எத்தன பேர திட்டியிருப்பேன் தெரியுமா? ஒரு பஸ் டிரைவர் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு!”

“நான் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுடுறேங்க.”

“நல்லவேளை, குழந்தைங்களுக்கு வேற கருவி. நானே…” என்று நிறுத்தினார். நர்ஸ் மறுபக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டாள். “நானே பத்து நாளா ராத்திரி சாப்பாட்ட நிறுத்திட்டேங்க!”

அவர் இரும்பை வைத்துக் கருவிக்கு மறுபடி நூறு எது என்று சொல்லிக் கொடுத்தார். கற்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். எட்டு வருடத்தில் முதன்முறையாக, என்ன காட்டும் என்று தெரியாமல் ஏறி நின்றார்.

89.2.

“உங்க ரத்த ரிசல்ட்டும் வந்துடுச்சு,” என்றார் டாக்டரம்மா. “கல்லீரல் கணக்கெல்லாம் நல்லா இறங்கியிருக்கு. நேத்து நான் கேட்ட கேள்விய மறந்துடுங்க.”

“அடுத்த மாசம் எவ்வளவு இருக்குங்க?”

“தெரியாதுங்க,” என்றார் டாக்டரம்மா.

அவர் தலையாட்டினார். தெரியாது என்பது இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

கல்லை இறக்கிக்கொண்டிருக்கும்போது மனைவி போன் செய்தாள். எண்ணைச் சொன்னார்.

“அந்தப் பாட்டில் மேஜையிலயே இருக்கு,” என்றாள் அவள். “நீங்க அப்படியே விட்டுட்டுத் தூங்கிட்டீங்க. கொட்டிடவா?”

அவருக்கு அதன் நினைவே இல்லை. “கொட்டலாம். ஆனா நான் வந்துடுறேன், இரு.”

“எதுக்கு?”

“எவ்வளவு எடை இருக்குன்னு ஒரு தடவ பாத்துட்டுக் கொட்டுவோம்.”