ஆனிக் கடைசி அச்சாரம்

ஆனி முடிய நான்கு நாள் இருக்கும்போது, ஏலக்காய் வியாபாரி விஜயகுமார் அச்சாரமாக இரண்டு லட்ச ரூபாயை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வீடு கட்டும் காண்ட்ராக்டர் பால்ராஜின் வீட்டுக்கு வந்தார். ஆடி பிறந்துவிட்டால் புது வீட்டுக்குப் பூமி பூஜை போட முடியாது. அவருக்கு அந்த அவசரம்.

பையைப் பார்த்ததும் பால்ராஜுக்கு மனைவி கற்பகத்தின் முகம்தான் தெரிந்தது. போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் காய் எடுக்கப் போனவள். பதினோரு மாதமாக அங்கேயே கூலிக்காரர் லயத்தில் கிடக்கிறாள்.

எல்லாம் போன வருஷத்து ஆனி செய்த வேலை. நம் காண்ட்ராக்டர் ஒரே மாதத்தில் நாலு பூஜை போட்டு, நாலு அச்சாரம் வாங்கினார். இரண்டாவது வீட்டுப் பணத்தில் முதல் வீட்டுக்குக் கம்பி, நாலாவது வீட்டுப் பணத்தில் மூணாவது வீட்டுக்குக் கான்கிரீட். செய்கிறவனுக்கு அது சாமர்த்தியமாகத்தான் தெரியும். ஆடி வந்தது. புது அச்சாரம் ஒன்றுகூட வரவில்லை. நாலு வீடும் பாதியில் நிற்க, கம்பிக் கடைக்காரர் வாசலில் வந்து கத்தினார். கற்பகம் எஸ்டேட்டில் எண்பதாயிரம் முன்பணம் வாங்கி அவரிடம் கொடுத்துவிட்டு, மறுநாளே ஜீப்பு ஏறினாள். உழைத்துக் கழிக்க வருகிற தை மாதம் ஆகும்.

இப்போது பாக்கி முப்பதாயிரம். அதைக் கட்டிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையே கூட்டி வந்துவிடலாம். இரண்டு லட்சத்தில் முப்பதாயிரம் குறைந்தால் யாருக்குத் தெரியும்? அவள் இல்லாத வீட்டில் சோறுகூட அவனுக்கு இறங்குவதில்லை. கை தானாகப் பைப் பக்கம் போனது.

போன கையை இழுத்துக்கொண்டான்.

"அண்ணே, காசு ஒங்ககிட்டயே இருக்கட்டும். சிமெண்டு, கம்பி எல்லாம் நீங்களே எறக்கிருங்க. எனக்குச் சனிக்கெழமைக்குச் சனிக்கெழம கூலி மட்டும் குடுங்க, போதும்."

விஜயகுமார் சிரித்தார். "கைக்கு வந்த காச வேணாங்கிற மொத காண்ட்ராக்டரு நீதாம்ப்பா."

பையோடு அவர் தெரு திரும்பும்வரை பால்ராஜ் பார்த்துக்கொண்டே நின்றான். கற்பகமே இன்னொரு தடவை ஜீப்பு ஏறிப் போவதுபோல இருந்தது.

சாயங்காலம் போன் போட்டான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். திட்டுவாளோ என்று பயமாகவும் இருந்தது.

"புள்ள, இருக்கியா?"

"இருக்கேன். அப்ப நான் தைக்குத்தான் வரணும்."

"ஆமா. கோவமா?"

"இல்லங்க. ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்கிறாதீக. முன்பணம் கழிஞ்சாலும் வீட்டுக்கு வரக்கூடாது, இங்கயே இருந்துறணும்னுதான் இத்தன நாளு நெனச்சிருந்தேன். வந்தா நீங்க மறுபடியும் அதத்தான் செய்வீகன்னு பயம். இன்னைக்குத்தாங்க எனக்கு வீட்டுக்கு வரணும்போல இருக்கு. இப்பவே வரணும்போல இருக்கு."

வந்துவிடு என்று சொல்ல அவனுக்கு எவ்வளவோ ஆசை. தைக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.