பந்து வாவியில் மிதந்த நேரம்

விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டால் தாடை நடுங்குவது வெளியே தெரியாது. அதனால் அன்று பின்னேரம் முழுக்க, ஊதத் தேவையில்லாத நேரத்திலும், ஜெராட் அதைக் கடித்தபடியே ஓடினான்.

பயந்தவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், பிள்ளைகளே. அதே வாவிக்கரை மைதானத்தில் போன வருடம் நடுவராக நின்ற மனிதர், தோற்ற பக்கம் கல்லெடுத்ததும் சப்பாத்தும் காலுறையுமாக வாவிக்குள் இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில் முக்கால் மணித்தியாலம் நின்றார். பொலிஸ் வந்துதான் அவரைக் கரையேற்றியது. அதற்குப் பிறகு அவர் விசிலைத் தொடவேயில்லை.

ஜெராட் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீற்றர் வாசிக்கிறவன். உதைபந்தாட்ட நடுவர் பரீட்சை எழுதி இரண்டு வருடமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்குத்தான் ஊதி வந்தான். இது பெரியவர்களின் அரையிறுதி. வர வேண்டியவர் டெங்குக் காய்ச்சலில் விழுந்துவிட, நடுவர்களை அனுப்புகிற அப்துல் கபூர் காக்கா காலையில் தொலைபேசியில் பிடித்தார்.

“ஜெராட், நீ போய் ஊதிட்டு வா.”

“காக்கா, விடிவெள்ளியில விளையாடுறது என்ட பெஞ்சாதிட தம்பி.”

“இந்தக் கரையில ஒருத்தனுக்கும் சொந்தமில்லாத டீம் எங்கடா இரிக்கு? அப்பிடி ஆள் தேடினா கொழும்பிலதான் எடுக்கணும். போ மனே.”

ஜெராட் படுவான்கரையில் பிறந்தவன். கலியாணம் முடித்து, வாவியைக் கடந்து, ஜூலியின் வீட்டுக்கு வந்து ஐந்து வருடம். அங்கெல்லாம் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் வந்து சேருவான். ஜூலி, அவளுடைய தாய் பீற்றிஸ், தம்பி ஜசிந்தன், எல்லோருக்கும் ஒரே வளவு, ஒரே உலை. மத்தியானம் சாப்பாடு போடும்போது பீற்றிஸ் மாமி ஒரு வார்த்தைதான் சொன்னாள். “ஞாயிற்றுக்கிழமை ஃபைனலுக்குக் கொழும்புக் கோச் ஆள் எடுக்க வாறாராம், மருமகன். இவன் விளையாடணும். பாத்து ஊதுங்க.” அந்தப் ‘பாத்து’ மீன் முள்ளைப்போல அவன் தொண்டையிலேயே நின்றது.

ஜசிந்தன் விடிவெள்ளியின் ஒன்பதாம் இலக்கம். பிடரிவரை சுருள் முடி. சின்ன வயதில் கோயில் நேர்த்திக்கு மொட்டை அடித்ததிலிருந்து வீட்டில் அவனுக்கு மொட்டை என்றே பெயர். வெளியில் யாரும் அப்படிக் கூப்பிட்டால் அடிக்கப் போவான். ஜெராட்டை அவன் அத்தான் என்பான். ஒருநாளும் ‘நீங்க’ போட்டுக் கதைக்கத் தவறியதில்லை.

எதிரே காத்தான்குடிப் பக்கத்து வளர்பிறைக் கழகம். இருபதாவது நிமிடத்தில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். சற்று நேரத்தில் ஜசிந்தன் அடித்த கோலை, ஓஃப்சைட் என்று சொல்லி ஜெராட் மறுத்தான். சனம் எழும்பி நின்றது.

“மீற்றர் பிழையாச் சுத்துது.”

“ஒரு பக்கம் மட்டும் சுத்துற மீற்றர்டா அது.”

ஜசிந்தன் நேரே ஓடி வந்தான். வந்த வேகத்தில் ஜெராட்டின் கால் தானாக ஓரடி பின்னுக்குப் போனது.

“உனக்குக் கண் எங்க கிடக்கு? எங்கட வீட்டுச் சோத்தில முள்ளுப் பொறுக்க மட்டும் கண் தெரியுதோ?”

ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அந்த ‘நீ’. சோற்றைச் சொல்லிக் காட்டியதைவிட அதுதான் சுட்டது. விளையாட்டுக்காரன் நடுவரை வாயால் எதிர்த்தால் மஞ்சள் அட்டை. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஜெராட் அட்டையைத் தூக்கினான். சட்டைப் பையிலிருந்த சின்னப் புத்தகத்தை எடுத்துக் குனிந்து எழுதினான். எழுத்து கோழி கிளறியதைப் போல வந்தது. என்ன எழுதினோம் என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதி. முடியப் பன்னிரண்டு நிமிடம். வளர்பிறையின் கோல் பெட்டிக்குள் ஜசிந்தன் விழுந்தான். யாரும் அவனைத் தொடவில்லை என்பதை ஜெராட் கண்ணால் கண்டான். பந்து கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. பெனல்ட்டி இல்லை, கோல் கிக் என்று கை காட்டினான்.

ஜசிந்தன் எழும்பினான். பந்தை இரண்டு கையாலும் எடுத்து நிலத்தில் வைத்தான். பிறகு இருந்த பலமெல்லாம் சேர்த்து உதைத்தான். பந்து தாழம் பற்றைக்கு மேலால் போய் வாவிக்குள் விழுந்தது.

சனம் கைதட்டியது. மீண்டும் மஞ்சள் அட்டை. புத்தகத்தில் புதுப் பக்கம். இந்தத் தடவை நிதானமாக எழுதினான்: 9, ஜசிந்தன். அடுத்து எடுக்க வேண்டிய அட்டைக்கு மட்டும் கை போகவில்லை.

மற்றப் பந்து முதல் பாதியிலேயே தாழை முள்ளில் வெடித்துவிட்டது. ஆகவே எல்லோரும் வாவியைப் பார்த்தபடி நின்றார்கள். வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தோணியைத் திருப்பிப் பந்தை நோக்கிக் கம்பூன்றித் தள்ளத் தொடங்கினார். காற்று பந்தை அவரிடமிருந்து தள்ளிக்கொண்டு போனது.

அப்போதுதான் வளர்பிறையின் தலைவன் றிஸான், இரண்டு கையையும் பின்னால் கட்டியபடி, மெல்ல வந்தான்.

“சேர், கோவிக்க வேணாம். இவருக்கு இது ரெண்டாவது மஞ்சளெல்லோ? ரெண்டு மஞ்சளுக்குச் சிவப்பு. வெளிய போகணுமே.”

“எழுதினதைப் பாக்கிறன்,” என்றான் ஜெராட்.

பக்கத்தைப் புரட்டினான். முதல் பாதி மஞ்சள் அட்டைக்கு நேரே, கோணல் எழுத்தில், மொட்டை என்று இருந்தது. இலக்கமும் இல்லை.

வீட்டில் கூப்பிடுகிற பெயரைக் கை எழுதிவிட்டது. மீற்றர் புத்தகத்திலும் அவன் அப்படித்தான்; பதிவுப் பெயரை விட்டு, சின்னவன் வீடு, கிளி வீடு என்று குறித்துத்தான் பழக்கம்.

விடிவெள்ளியின் தலைவன் டொமினிக் அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டான். அதே ஊர்க்காரன், ஒரு நொடியில் அவனுக்கு விளங்கியது. ஜெராட்டின் காதோடு காதாகச் சொன்னான்.

“ஒன்பது எண்டு ஒரு தரம்தான் கிடக்கு. மொட்டை எண்டு எங்கட பட்டியல்ல ஒருத்தரும் இல்ல. புத்தகத்தில இல்லாட்டி இல்லத்தான். சும்மா இரி மச்சான்.”

டொமினிக் கோட்டோரம் போய்ச் சொல்ல, அங்கே நின்ற சனமும் பிடித்துக்கொண்டது. “முதல் காட் வேற ஆளுக்கு.” “ஓம், அது ஏழாம் நம்பருக்கு.” பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது பொய் என்று தெரியும். ஆனால் இருநூறு பேர் சொல்கிற பொய், பிள்ளைகளே, கேட்கக் கேட்க உறுதியாகிக்கொண்டு வரும்.

ஜெராட் வாவியைப் பார்த்தான். தோணி பந்தை நெருங்கிவிட்டது. பந்து வந்து, உதைபட்டு, ஆட்டம் தொடங்கிவிட்டால், நடந்தது நடந்ததாகப் போகும். மௌனமாக நின்றால் போதும். விடிவெள்ளி வென்றால் ஞாயிற்றுக்கிழமை ஜசிந்தன் விளையாடலாம். மாமி இரவு வழமைபோலச் சோறு போடுவாள். கல்லும் இல்லை, வாவியும் இல்லை.

றிஸான் கையைப் பின்னால் கட்டியபடியே நின்றான். அந்தப் பொறுமைதான் தாங்க முடியாமல் இருந்தது. கத்தியிருந்தால் அவனுக்கும் ஒரு மஞ்சள் அட்டையைக் காட்டிவிட்டுத் தப்பியிருக்கலாம்.

தோணிக்காரர் பந்தைத் தூக்கி எறிந்தார். ஈரப் பந்து புல்லில் உருண்டு வந்தது. வளர்பிறையின் கோல்காப்பாளர் அதை எடுக்கக் குனிந்தார்.

ஜெராட் ஊதினான். முதல் ஊதலில் காற்று மட்டும் வந்தது. இரண்டாம் தடவை சத்தம் வந்தது.

“கப்டன்மார் ரெண்டு பேரும் வாங்க. மத்த ஆக்கள் பத்தடி பின்னுக்கு.” குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. “முதல் பாதியில காட் காட்டினது ஒன்பதுக்குத்தான். பேரை நான் பிழையா எழுதிட்டன். பிழை என்ட. காட் அவர்ட.”

சிவப்பு அட்டையைத் தூக்கினான்.

முதல் கல் அவனுக்கு எட்டடி முன்னால் விழுந்தது. ஜசிந்தன் வந்து மூக்குக்கு மூக்கு நின்றான். ஜெராட் கண்ணை மூடவில்லை. மூடினால் திறக்க முடியாது என்று பயந்தான்.

“என்ன பேர் எழுதிக் கிடக்கு?” என்று ஜசிந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

ஜெராட் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான். ஜசிந்தன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். விடிவெள்ளி ஒன்றுக்குப் பூச்சியமாகத் தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் பயம் முடியவில்லை. அப்போதுதான் அது சாவகாசமாக வந்து உட்கார்ந்தது. வெளியே போக ஒரே ஒரு ஒழுங்கை. அதன் இரண்டு பக்கமும் சனம். றிஸான் ஓடி வந்தான்.

“சேர், எங்கட வேனில ஏறுங்க. வீட்ட இறக்கிடுறம்.”

ஏறினால் உயிர் தப்பும். ஆனால் வென்றவனின் வேனில் போன நடுவரை நாளைக்கு யார் நம்புவது?

“வேணாம் தம்பி. நான் சைக்கிளில வந்தனான். சைக்கிளிலதான் போகணும்,” என்றான்.

உருட்டிக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழைந்தான். ஒரு கல் மட்காட்டில் பட்டு டங்கென்றது. இன்னொன்று முதுகில். திரும்பிப் பார்க்கவில்லை. வளைவில், மதிலோடு சாய்ந்தபடி, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஜசிந்தன் நின்றான். அவனைச் சுற்றி நாலைந்து பேர். ஜெராட் சைக்கிளை உருட்டியபடி நடந்தான்.

ஜசிந்தன் மதிலை விட்டு வந்து பின் கரியரில் குந்தினான்.

“ஓட்டு.”

“டேய், இறங்குடா. அவனை இப்ப விடக்கூடா,” என்றான் ஒருவன்.

“எறியிறவன் எறி. என்னில பட்டா அம்மாட்ட வந்து பதில் சொல்லு.”

ஒருவரும் எறியவில்லை. ஜெராட் ஓட்டினான். வெளியிலிருந்து வரக்கூடிய கல்லுக்கு இனிப் பயமில்லை. இப்போது முதுகுதான் குறுகுறுத்தது. பின்னால் இருப்பவன் ஒரு சொல் பேசவில்லை. பாலத்தில் பேசவில்லை. சிலுவைச் சந்தியிலும் பேசவில்லை. அவன் மூச்சு மட்டும் ஜெராட்டின் பிடரியில் பட்டது. ஞாயிற்றுக்கிழமையை இழந்தவனின் மூச்சு.

வளவுக் கேற்றடியில் விளக்கு எரிந்தது. செய்தி முந்தி வந்துவிட்டது. பீற்றிஸ் மாமி இடுப்பில் கை வைத்து வாசலில் நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. அவளுக்குப் பின்னால் ஜூலி. ஜெராட் பிறேக்கைப் பிடித்தான். கடிப்பதற்கு இப்போது வாயில் விசில் இல்லை.

ஜசிந்தன் இறங்கினான். சப்பாத்தைத் தட்டி மண்ணை உதறினான்.

“அம்மாட்ட நான் சொல்லுறன்,” என்றான், முகத்தைப் பார்க்காமல். “நீங்க வாயத் திறக்காதீங்க.”