வெள்ளையம்மாளின் விரதம்

எங்கள் ஆஸ்பத்திரியில் உபயம் என்று பெயர் எழுதாத இடம் கக்கூஸ் ஒன்றுதான். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை இருக்கிறது. சுற்றும்போது பெயர் தெரியாது என்பதால், அவர்கள் வந்தால் மட்டும் நிறுத்திக் காட்டுவோம். டியூப் லைட்டில் தாத்தாவில் ஆரம்பித்துப் பேரன் வரைக்கும் சிவப்பு எழுத்தில் எழுதியதில் வெளிச்சம் வெளியே வர வழியில்லை. கக்கூஸ் கட்டித்தர மட்டும் ஒருத்தரும் முன்வரவில்லை. கடைசியில் ஊருக்குள் வீடு வீடாகப் போய்க் காசு வாங்கித்தான் கட்டினோம்.

நான் அருணாதேவி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிற இந்த இடத்தில் முன்பக்கம் சின்ன ஆஸ்பத்திரி, பின்பக்கம் வயதானவர்களும் ஆபரேஷன் முடிந்து நடக்கப் பழகுகிறவர்களும் தங்குகிற இல்லம். இரண்டுக்கும் நிர்வாகி நான்தான். நிர்வாகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கேட்டதைக் கொடுக்காமல் கேட்காததைக் கொடுக்கிறவர்களுக்கு முன்னால் சிரித்த முகமாக நிற்க வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அண்டா அண்டாவாகச் சர்க்கரைப் பொங்கல் வரும். உள்ளே பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. அதற்குப் பதிலாகப் பெரியவர்களுக்கு டயப்பர் வாங்கிக் கொடுங்கள் என்றால், "நல்ல நாள் அதுவுமா அதெல்லாம் எப்படிம்மா?" என்பார்கள். சனிக்கிழமைகளில் ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்திருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து, வெண்கலக் கிண்ணத்தைக் கட்டையால் தட்டி, அந்த ஓசையாலேயே எல்லோருடைய நோயையும் தீர்த்துவிட்டுப் போவார்.

இடமும் கட்டிடமும் ஜம்புகுமார் நயினார் கொடுத்தவை. ஆரணிப் பக்கத்துச் சமணக் குடும்பம், அரிசி மில் வைத்திருந்தவர். அவர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. அதையும் கேட்டோரம் கருங்கல்லில் வெட்டி நட்டிருக்கிறார்: ‘இந்த வாசலுக்கு உள்ளே புலால் வரலாகாது.’ முட்டையும் அதில் சேர்த்தி. ஒருமுறை எங்கள் கம்பவுண்டர் இளவரசன் மருந்து அறைக்குள் ஒளிந்து முட்டை பப்ஸ் தின்றதை நயினார் பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டுக்குப் போய் அன்று முழுக்கப் பட்டினி கிடந்தார். திட்டுகிறவரோடு மல்லுக்கு நிற்கலாம், பட்டினி கிடக்கிற பெரிய மனுஷரை என்ன செய்வது? இப்போதெல்லாம் இளவரசன் பஸ் ஸ்டாண்டில் நின்று பப்ஸ் தின்றாலும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் கடிக்கிறான்.

தீபக் கூட்டம் ஓய்ந்த சமயத்தில் வெள்ளையம்மாள் வந்து சேர்ந்தாள். கடலைக் கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்தவள். மகன் திருமலைக்குப் பெங்களூரில் கட்டட வேலை. மருமகள் நிறைமாசமாகத் தாய்வீட்டில் இருந்தாள். ஊரில் வீடு பூட்டிக் கிடந்தது. "நடக்க ஆரம்பிச்சதும் வந்து கூட்டிக்கினு போறேன், பாத்துக்குங்க நர்சம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனான்.

முதல் சில நாள் சாப்பிட்டாள். அப்புறம் வாயை மூடிக்கொண்டாள். இட்லி, சாம்பார், பருப்பு, கீரை எது வைத்தாலும் தட்டு வைத்தபடியே திரும்பி வந்தது. டாக்டர் சுரேஷ்குமார் சத்து மாவு எழுதிக் கொடுத்தார். அதைக் கலக்கிக் கொடுத்தால் டாக்டர் சட்டை மேலேயே துப்பினாள். வெள்ளைக்காரப் பெண்மணி கிண்ணத்தோடு வந்தபோது மட்டும் ஆவலாகத் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னா நர்சம்மா இது? வெறுங் கிண்ணத்த எடுத்தாந்து தட்டிக் காட்டிட்டுப் போறா?"

டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "இப்படியே போனா புண்ணு ஆறாது, படுக்கைப் புண்ணும் வந்துடும். அப்புறம் எழுந்திரிக்கவே மாட்டாங்க. எப்படியாவது சாப்பிட வைங்க சிஸ்டர்."

நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன். "ஏன் பெரியம்மா? சோறு நல்லா இல்லியா?"

"சோறு இன்னா பண்ணும், பாவம். அத்த உள்ள எறக்கறதுக்கு ஒண்ணு வாணாமா?" என்றவள், வாசலைப் பார்த்துவிட்டு என் காதைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள். "நெத்திலிக் கருவாடு. கத்திரிக்கா போட்டு, புளி ஜாஸ்தியா. அது இருந்தா சட்டியோட துன்னுடுவேன்."

கேட்கும்போதே எனக்கு நாக்கில் நீர் ஊறியது. என்ன செய்ய, வெளியே கல் நிற்கிறதே.

எங்கள் சமையல்கார மணியம்மாள் கெட்டிக்காரி. கருவாடு இல்லாமலே கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன் என்று கத்திரிக்காயும் புளியும் பூண்டும் போட்டு ஏதோ செய்து கொண்டுவந்தாள். வெள்ளையம்மாள் ஒரு முறை முகர்ந்தாள். "கருவாடு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல" என்று தட்டைத் தள்ளிவிட்டாள்.

"சக்கர நாற்காலியில வெச்சு வெளிய தள்ளிக்கினு போயி குடுத்துடலாமா?" என்றாள் மணியம்மாள்.

வெளியே என்றால் கிரிவலப் பாதை. கேட்டுக்கு உள்ளே நயினார், வெளியே அண்ணாமலையார். வெறுங்காலோடு சாமியைச் சுற்றுகிறவர்கள் மூக்கில் நெத்திலி வாசம் ஏறினால் ஆஸ்பத்திரிக்கு வேறு மாதிரியான கூட்டம் வரும். எங்காவது தூரமாக ஆட்டோவில் கூட்டிப் போகலாமா என்று கேட்டதற்கு, இந்த இடுப்போடு குலுங்கினால் மறுபடியும் ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். நயினாரிடமே கேட்டுவிடலாம். கேட்டால் அவர் பட்டினி கிடப்பார், கேட்காவிட்டால் இவள் பட்டினி கிடப்பாள். எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிந்து விழத் தோன்றியது.

இந்த லட்சணத்தில், நயினார் வேறு விஷயமாகப் போன் பண்ணியபோது இளவரசன் உளறிவிட்டான். அதையும் முழுசாக உளறவில்லை. முட்டை பப்ஸ் பயம் இருக்கிறதே. "ஒரு பாட்டி அன்ன ஆகாரத்தையே விட்டுட்டாங்க ஐயா" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அன்று மதியமே நயினார் தன் மனைவி ராஜமதியம்மாளோடு காரில் வந்து இறங்கினார். செருப்பை கேட்டிலேயே கழற்றிவிட்டு, நேராக வெள்ளையம்மாள் கட்டிலுக்குப் போய், கால்மாட்டில் கைகூப்பி நின்றார்.

"யாரு நர்சம்மா இவுரு? ஓட்டு கேக்க வந்துக்கீறாரா?" என்றாள் வெள்ளையம்மாள்.

நயினார் கண்ணில் நீர் தளும்பியது. வெளியே வந்து என்னிடம் விளக்கினார். உடம்பு இனி உதவாது என்று தெரிந்தபின், குருவிடம் அனுமதி பெற்று, ஆகாரத்தைத் துறந்து அமைதியாக உயிரை விடுவது அவர்கள் மார்க்கத்தில் பெரிய விரதம். சல்லேகனை என்பார்கள். அவருடைய அம்மா அப்படித்தான் போனாராம். "எங்கள்ல எத்தனையோ பேருக்குக் கூடி வராதது, யாரும் சொல்லிக் குடுக்காம இந்த அம்மாவுக்கு வந்திருக்கு பாருங்க. யாரும் வற்புறுத்தாதீங்க அருணாம்மா. தட்டைக்கூட பக்கத்துல கொண்டு போகாதீங்க."

நான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

மறுநாள் வேனில் அவருடைய சொந்தக்காரர்கள் வந்தார்கள். தரையில் வரிசையாக உட்கார்ந்து மெல்லிய குரலில் மந்திரம் சொன்னார்கள். எங்கள் சரித்திரத்திலேயே கையில் பொங்கல் இல்லாமல் வந்த கூட்டம் இதுதான், அதுவும் ஒருத்திக்கு ஒரு வாய் இறங்க வேண்டிய நேரம் பார்த்து. வெள்ளையம்மாளுக்கு ஆட்கள் வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் குரல் நூலாகிவிட்டது, கையைத் தூக்க முடியவில்லை. முதுகில் தோல் சிவக்க ஆரம்பித்திருந்தது. நோயால் செத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், கவனிக்க ஆளில்லாமல் செத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இவள் மரியாதையாலேயே செத்துவிடுவாள் போலிருந்தது.

ராஜமதியம்மாள் என்னைக் கைகழுவுகிற இடத்துக்கு அழைத்துப் போனார்.

"எங்க மாமியார் விரதம் இருந்தப்ப நான்தான் பக்கத்துல இருந்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும். இந்த அம்மா முகம் அப்படி இல்லியே. கல்யாண வீட்டுல பந்தியில எடம் கிடைக்காதவங்க மாதிரி இல்ல இருக்காங்க?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நெத்திலி, கத்திரிக்காய், புளி, முட்டை பப்ஸ் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடைசியில் அழுதும்விட்டேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"நீங்க சொல்லாதீங்க. அவரே கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கணவரிடம் குனிந்து, "ஏங்க, மனசுல ஏதாவது பாக்கி இருக்கானு அவங்கள ஒரு வார்த்தை கேட்டுடறது நல்லதில்லையா?" என்றார்.

நயினார் எழுந்து கட்டிலுக்குக் கிட்டே போனார். "அம்மா, மனசுல ஆசை ஏதாவது மிச்சம் இருக்குதாம்மா?"

"கீது."

"சொல்லுங்கம்மா."

"சொன்னா வாங்கியாந்து தருவியா?"

"என்னால ஆகும்னா கண்டிப்பா."

"நெத்திலிக் கருவாடு."

மந்திரம் நின்றது. வெள்ளையம்மாள் அதைக் கவனிக்கவில்லை. "கத்திரிக்கா போட்டு" என்றாள்.

நயினார் கூப்பிய கையை இறக்கவும் தெரியாமல் நின்றார்.

"எனுக்கு சாவு வாணாம் நயினாரே. தை மாசம் எம் மருமவளுக்குப் பொறக்கப் போவுது. எந்திரிச்சு நடந்து போயி அந்தக் கொழந்தைய நான் தூக்கணும். துன்னாத்தானே நடக்க முடியும்? வாய்க்கு எறங்காம எப்பிடித் துன்றது?"

நயினார் யாரையும் பார்க்காமல் வெளியே போய்க் காரில் ஏறினார். சொந்தக்காரர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். இருபது நோயாளிகளை வைத்துக்கொண்டு வேறு கட்டிடத்துக்கு எங்கே போய் நிற்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் கேட்டில் இரும்பு மோதுகிற சத்தம். போய்ப் பார்த்தால் கொத்தனாரும் ஆட்களும் கேட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். நயினார் குடையோடு நிற்கிறார். காலி பண்ணச் சொல்லவே வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்டை அவர்கள் வெளியே கொண்டுபோகவில்லை. உள்ளே தூக்கி வந்தார்கள். வாசலை ஒட்டி இருந்த வாட்ச்மேன் அறையைத் தாண்டி, வேப்ப மரத்தையும் தாண்டி நட்டார்கள். கருங்கல்லையும் பெயர்த்து வந்து அதன் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"வாட்ச்மேன் ரூம் இனிமே வெளிய" என்றார் நயினார், கல்லைப் பார்த்தபடி. "உள்ள என்ன வரக்கூடாதுங்கறதுதான் என் பேச்சு. வெளிய நடக்கறதுக்கு நான் யாரும்மா?"

எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "அந்த ரூமுக்கு உபயம்னு உங்க பேர எழுதிடறேங்க" என்றேன். பழக்கதோஷம்.

"அதுக்கு மட்டும் வேண்டாம்மா" என்றார் பதறிப்போய். ஆக, பெயர் எழுதாத இடம் இப்போது இரண்டு.

சாயங்காலம் மணியம்மாள் தன் வீட்டிலேயே ஆக்கி, தூக்குவாளியில் கொண்டுவந்தாள். வெள்ளையம்மாளைச் சக்கர நாற்காலியில் வைத்துப் புது கேட்டைத் தாண்டித் தள்ளிப்போய், வாட்ச்மேன் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினோம். வாசம் வெளியே போகாமலிருக்க இளவரசன் சாம்பிராணி போட்டான். பாதையில் போன ஒருவர் நின்று மூக்கை உறிஞ்சி, என்னவென்று புரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

நயினார் கேட்டுக்கு உள்ளே, எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தார். மூக்கில் துண்டு.

"சாப்பிடறாங்களா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"சாப்பிடறாங்க."

"போதுமான அளவுக்கா?"

"மறுசோறு கேக்கறாங்க."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டினால் சமணர்கள் சாப்பிட மாட்டார்கள். ராஜமதியம்மாள் காரிலிருந்து டிபன் பாக்ஸோடு வந்து நின்றார். "நேத்துலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல நீங்க. சூரியன் எறங்கப் போவுது, வாங்க."

"அவங்க முடிக்கட்டும்" என்றார் நயினார்.

வெள்ளையம்மாள் அவசரப்படவில்லை. எத்தனையோ நாள் பாக்கி இருந்தது அவளுக்கு. நயினார் அப்படியே நின்றார். வெளிச்சம் போனது. ராஜமதியம்மாள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே காருக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

கதவைத் திறந்து நாற்காலியை வெளியே தள்ளினேன். வெள்ளையம்மாள் விரலை நக்கிக்கொண்டே கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற முதுகைப் பார்த்தாள். மூடிய டிபன் பாக்ஸ் திரும்பிப் போனதையும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள் போல. எழுந்து போகத் துடிக்கிறவளைப் போலக் கைப்பிடியை அழுத்திக்கொண்டு, பழைய குரலில் சத்தமாகக் கேட்டாள்.

"அந்த மனுசன் ஏன் நர்சம்மா சோறு துன்னாம நிக்கறாரு? இன்னா வேணுமாம் அவுருக்கு? கூச்சப்படாம கேக்கச் சொல்லு, மணியம்மா ஆக்கித் தருவா."