இரவல் தொட்டிகள்

நர்ஸுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்ததும், வீட்டை வாடகைக்கு விடுவது என்று முடிவானது. பார்க்க வந்த இரண்டு குடும்பங்களும் வாசலோடு திரும்பிப் போயின. உள்ளே நல்ல வெளிச்சம், காற்று, தாராளமான சமையலறை. அதைப் பார்க்க யாராவது உள்ளே வந்தால்தானே? முன்பக்கம் முழுக்க அழுக்கேறிய சாம்பல் சுவர், மழைநீர்க் குழாய், துருப்பிடித்த மீட்டர் பெட்டி.

"பூட்டிப்போட்ட குடோன் மாதிரி இருக்குன்னு அந்தம்மா சொன்னது என் காதுலயே விழுந்துச்சு," என்றார் அவள் கணவர். வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிற தையல்காரர். ஜன்னலோரம்தான் அவர் இடம்.

"ஞாயித்துக்கிழமை வீடு பார்க்க ஒரு பேக்கரிக்காரர் வர்றாரு. அதுக்குள்ள வாசல்ல நாலு செடி வைக்கணும்," என்றாள் நர்ஸ்.

"நாம செடி வளர்த்த லட்சணம் தெரியாதா? கத்தாழையையே காயவச்சவங்க நாம."

"வளர்க்க யாரு சொன்னா? ஒரு நாளைக்கு இரவல் வாங்குவோம்."

சனிக்கிழமை அவள் வீடு வீடாகப் படியேறி இறங்கினாள். பக்கத்து வீட்டு டீச்சர் இரண்டு குரோட்டன்ஸும் ஒரு ரோஜாவும் கொடுத்தார், கூடவே அரைமணி நேரம் புத்திமதியும். மாடிவீட்டுப் பெரியவர் மணிப்பிளான்ட்டை இறக்கிக் கொடுத்தார். ஆனால் தெருவே நின்று பார்க்கிற காகிதப்பூச் செடி எதிர்வீட்டு எலக்ட்ரீசியனுடையது. ஸ்கூட்டர் நிறுத்துகிற தகராறில் அவருக்கும் தையல்காரருக்கும் பேச்சு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் என் மூஞ்சியிலகூட முழிக்கறதில்லையே," என்றார் எலக்ட்ரீசியன்.

"அது உங்க மூஞ்சியோட போகட்டும்ண்ணே. செடி என்ன பண்ணுச்சு?"

அவர் சிரித்துவிட்டார். தொட்டியை ஒருவரால் அசைக்க முடியாது. வேறு வழியில்லாமல் தையல்காரரும் ஒரு பக்கம் பிடித்தார்.

"உங்க பக்கம் தூக்குங்க."

"தூக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க முதல்ல கொஞ்சம் இறக்குங்க."

நடுத்தெருவில் இப்படியாகப் பேச்சு திரும்பவும் தொடங்கியது.

காகிதப்பூ குழாயை மறைத்தது. மீட்டர் பெட்டியின் மேல் மணிப்பிளான்ட் வழிந்தது. படியின் இருபக்கமும் குரோட்டன்ஸ், ஜன்னலடியில் ரோஜா. தையல்காரரே தெருமுனை வரை போய்த் திரும்பி நடந்துவந்து, யாருடைய வீடோ என்பதுபோல் பார்த்தார்.

பேக்கரிக்காரரும் மனைவியும் கேட்டருகிலேயே முகம் மலர்ந்து நின்றார்கள்.

"ரோஜா எவ்வளவு அழகா இருக்கு. என்ன போடுவீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"தண்ணி... தண்ணிதான் போடுவோம்," என்றார் தையல்காரர்.

"முட்டை ஓட்டைப் பொடிச்சுப் போடணும்," என்று மதில் மேலிருந்து டீச்சர் குரல் வந்தது. அடுத்து எலக்ட்ரீசியன் ஒரு வாளியோடு தெருவைக் கடந்து வந்து, யாரையும் பார்க்காமல் காகிதப்பூவுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். பெரியவர் இறங்கிவந்து ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எடுத்தார்.

"இவங்கல்லாம் யாருங்க?" என்றார் பேக்கரிக்காரர்.

நர்ஸால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "மன்னிச்சுக்குங்க. இதுல ஒரு செடிகூட எங்களோடது இல்ல. இந்தத் தெருக்காரங்க கொடுத்தது. சாயங்காலம் திருப்பிக் கொடுக்கணும்."

தையல்காரர் வேறெங்கோ பார்த்தார். பேக்கரிக்காரர் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை; படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாங்க ரெண்டு பேரும் இருட்டோட வேலைக்குக் கிளம்பிடுவோம். மாமியார் தனியா இருக்கணும். வீடு எப்படியோ பார்த்துக்கலாம், அக்கம்பக்கம் எப்படின்னு யாரைக் கேக்கறதுன்னுதான் முழிச்சுட்டு இருந்தோம்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாங்க, சமையலறையைக் காட்டுங்க."

அன்றே பேசி முடித்தார்கள். மாலையில் டீச்சர் குரோட்டன்ஸை மட்டும் எடுத்துக்கொண்டார். ரோஜாவை அங்கேயே விட்டுவைத்தார். எலக்ட்ரீசியன் காகிதப்பூவைத் தொடவே இல்லை. "என் இடுப்பு இன்னொரு தடவை தாங்காது. புதுசா வர்றவங்க தண்ணி ஊத்தட்டும், நான் மேற்பார்வை பாக்கறேன்," என்றார்.

வீடு காலிசெய்த நாளில், சாமான் ஏற்றிய வண்டி கிளம்புகிற நேரத்தில் தையல்காரரைக் காணவில்லை. நர்ஸ் தேடிப்போனாள். எதிர்வீட்டு முன்னறையில் காலை நீட்டி உட்கார்ந்து, எலக்ட்ரீசியனின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டி நிக்குது," என்றாள்.

"நிக்கட்டும். இன்னும் ஒரு பொத்தான் இருக்கு," என்றார் அவர்.